சரக்குப் பெட்டியும் டெலிவரி வேனும்: ஒரே மேடைக்காகச் சேர்ப்பது எப்படி

என் மாடல் ரயில் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கூட்ஸ் ஷெட் மேடை. மூன்று சாண் நீளம்தான். ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் சாலை. தண்டவாளத்தில் கதவு திறந்த பழுப்பு நிறச் சரக்குப் பெட்டி ஒன்று நிற்கிறது. சாலைப் பக்கம் மூன்று வண்டிகள் முதுகை மேடைக்குக் காட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. பதினைந்து வருடமாக நான் சேர்த்ததெல்லாம் இந்த மேடைக்காகத்தான்.

சரக்குப் பெட்டிகளை மட்டும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், சின்ன வேன்களை மட்டும் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே சேகரிப்பாகப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு வண்டியை வாங்கும் முன் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது எந்தச் சரக்கை எடுத்துக்கொள்ள இந்த மேடைக்கு வருகிறது? பதில் கிடைத்தால் வாங்குவேன். கிடைக்காவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுவேன்.

இரண்டுக்கும் உள்ள உறவு பழையது. ஹார்ன்பி பொம்மை ரயில்களைத் தயாரித்த மெக்கானோ நிறுவனம் 1933 கடைசியில், ரயிலுக்குப் பக்கத்தில் வைக்க என்றே சில குட்டி வாகனங்களை வெளியிட்டது. 'மாடல்டு மினியேச்சர்ஸ்' என்பது அவற்றின் பெயர். அடுத்த வருடமே அவை டிங்கி டாய்ஸ் ஆயின. இன்று தனிப் பொழுதுபோக்காக வளர்ந்து நிற்கும் டைகாஸ்ட் (உலோகத்தை அச்சில் வார்த்த) கார் சேகரிப்பின் ஒரு பெரிய வேர் தண்டவாள ஓரத்தில்தான் இருக்கிறது.

முதலில் ஸ்கேல்

ஆரம்பத்தில் நான் ஒரு ரொட்டி வேன் வாங்கினேன். சிவப்பு நிறம், பக்கவாட்டில் தங்க எழுத்து. மாடல் ரயிலுக்கு ஏற்றது என்று அது வந்த அட்டைப்பெட்டியிலேயே எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து மேடை அருகே வைத்ததும் ஏதோ உறுத்தியது. அளவுகோலை எடுத்து ஓட்டுநர் கதவை அளந்தேன்: 30 மி.மீ. என் ரயில் ஹெச்ஓ (HO) ஸ்கேல், அதாவது 1:87, நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. முப்பதை 87ஆல் பெருக்கினால் 2 மீட்டர் 61 சென்டிமீட்டர். ரொட்டி வேனுக்கு அவ்வளவு உயரக் கதவு எங்கேயும் கிடையாது. அன்றிலிருந்து அட்டையில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. பையில் எப்போதும் ஒரு வெர்னியர் காலிப்பர் இருக்கிறது.

எந்த ஸ்கேலில் இருக்கிறீர்கள் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஹெச்ஓ என்றால் 1:87, இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. பிரிட்டனில் பரவலாக இருக்கும் ஓஓ (OO) ஸ்கேல் 1:76. ஆனால் அதுவும் ஓடுவது அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒரே பாதையில் ஓடுகிறதே, ஒரே அளவுதானே என்று நினைத்து 1:76 வேனை வாங்கி விடுகிறார்கள். கிட்டத்தட்ட 15 சதவீதம் பெரிதாக இருக்கும். 'என்' (N) என்ற எழுத்தின் பெயரால் அழைக்கப்படும் 9 மி.மீ. பாதை ஸ்கேலில் இன்னும் சிக்கல்: அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1:160, பிரிட்டனில் 1:148, ஜப்பானில் புல்லட் ரயில் தவிர்த்த வண்டிகளுக்கு 1:150 என்று நாட்டுக்கு நாடு மாறும்.

 

அளந்து பார்க்க எளிதான வழி அகலம். பெரிய லாரிகளின் உடல் அகலம் நெடுங்காலம் எட்டடிக்குள்தான் இருந்தது. சரக்குக் கன்டெய்னரின் அகலமும் எட்டடி, அதாவது 2438 மி.மீ. இது 1:87இல் 28 மி.மீ., 1:76இல் 32 மி.மீ., 1:64இல் 38 மி.மீ., 1:160இல் சுமார் 15 மி.மீ. இந்த நான்கு எண்களைக் கைபேசியில் குறித்து வைத்தாலே பாதித் தவறுகள் குறையும். நீளத்துக்கும் இதே கணக்கு: நாற்பதடிச் சரக்குப் பெட்டியோ கன்டெய்னரோ ஹெச்ஓவில் 140 மி.மீ. இருக்க வேண்டும். சின்ன வேன்களுக்கு நிஜ வண்டியின் நீளத்தைத் தேடி வகுத்துப் பாருங்கள். 1950இல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் சுமார் 4.28 மீட்டர், ஹெச்ஓவில் 49 மி.மீ. வந்தால் சரி. 55 வந்தால் அது வேறு ஸ்கேல்.

பொம்மைக் கடை வண்டிகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். மேட்ச்பாக்ஸ் போன்ற தொடர்களில் எல்லா வண்டியும் ஒரே அளவு அட்டைப்பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் முதல் விதி. அதனால் காரும் கிரேனும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வரும். விளம்பர வேன்களுக்குப் பேர்போன லெடோ வண்டிகளும் அப்படித்தான். அவை தனியாகச் சேர்க்க அருமையானவை, நானே சில வைத்திருக்கிறேன். தண்டவாளத்தின் பக்கத்தில் மட்டும் வைக்க மாட்டேன். 1:87க்கு ஹெர்பா, விக்கிங், பிரெகினா, புஷ் ஆகிய பெயர்களையும், 1:76க்கும் 1:148க்கும் ஆக்ஸ்ஃபர்டு டைகாஸ்டையும் தேடுங்கள். அதிலும் பழைய விக்கிங் என்றால் அளந்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். அந்த நிறுவனம் முதலில் 1:100 செய்து, பிறகு 1:90க்கு வந்து, அதன் பிறகே 1:87க்கு மாறியது.

சற்றே சிறிய வண்டி கைக்கு வந்துவிட்டால் அதற்கும் வழி உண்டு. அமைப்பின் பின்புறச் சாலையில் வையுங்கள். தூரத்தில் இருப்பதால் சிறிதாகத் தெரிகிறது என்று கண் எடுத்துக்கொள்ளும். பெரிய வண்டிக்கு இந்தச் சலுகை இல்லை.

எந்த வருடம்?

என் மேடையில் வருடம் 1955, நாடு அமெரிக்கா. எல்லாரும் அதையே எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஏதோ ஒரு நாடும் ஒரு வருடமும் முடிவாக வேண்டும். முடிவானதும் வாங்குவது பாதியாகக் குறைகிறது, தேடும் சுகம் இரண்டு மடங்காகிறது.

சரக்குப் பெட்டியின் வயதை அதன் உடம்பிலேயே படிக்கலாம். பூதக்கண்ணாடி வைத்துப் பக்கச்சுவரைப் பாருங்கள். கட்டப்பட்ட மாதமும் வருடமும் சின்ன எழுத்தில் இருக்கும். அப்புறம் கூரை. 1966 முதல் அமெரிக்காவில் புதிய மூடிய பெட்டிகள் கூரை நடைபாதை இல்லாமல் வரத் தொடங்கின. அதனால் 1955 மேடையில் நிற்கும் பெட்டிக்குக் கூரை மேல் நடைபாதை இருந்தே ஆக வேண்டும். பக்கவாட்டில் வண்ணப் பட்டைகள் அடுக்கிய சிறிய பலகை ஒன்று தெரிந்தால், அது 1967 முதல் ஒரு பத்தாண்டு புழங்கிய தானியங்கி அடையாளப் பலகை; எனக்கு ஆகாது. புல்மன்-ஸ்டாண்டர்டு நிறுவனம் 1947இல் கொண்டுவந்த பி.எஸ்.-1 வகைப் பெட்டி எனக்குக் கச்சிதம்.

என்னை மிகவும் சோதித்தவை விளம்பரம் எழுதிய குளிர்பதனப் பெட்டிகள். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று பளிச்சென்று, பீர், இறைச்சி, வெண்ணெய் நிறுவனங்களின் பெயர்களோடு வரும். கடைகளில் முதலில் கண்ணில் படுவதும் அவைதான். ஆனால் அமெரிக்காவின் மாநிலங்களுக்கு இடையிலான வணிக ஆணையம் 1934இல் அந்த வழக்கத்துக்கு முடிவுகட்டியது. சில ஆண்டுகளில் அவை பாதையை விட்டுப் போயின. 1955இல் அப்படி ஒன்று ஓடியிருக்காது. ஒன்றே ஒன்று வைத்திருக்கிறேன், கண்ணாடி அலமாரியில். மேடைக்கு அது வருவதில்லை. அந்த நிறங்கள் மேடையில் வேண்டுமென்றால் சாலைப் பக்கம் பாருங்கள்: கடைப்பெயர் எழுதிய வேன்களுக்கு அப்படித் தடை ஏதும் வரவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சரக்குப் பெட்டிகள் நாற்பது வருடம்கூட உழைக்கும். 1955 ரயிலில் இருபதுகளில் கட்டிய பெட்டியும் போன மாதம் கட்டிய பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் வரலாம், வரவும் வேண்டும். தினமும் தெருத்தெருவாக நின்று நின்று ஓடும் டெலிவரி வேன் அவ்வளவு காலம் தாங்காது. ஆகவே பெட்டிகளின் வயதைத் தாராளமாகக் கலக்குங்கள். வேன்களை உங்கள் வருடத்துக்கு முந்தைய பத்து, பன்னிரண்டு வருடங்களுக்குள் நிறுத்துங்கள். பல நல்ல அமைப்புகளில் நான் பார்ப்பது இதற்கு நேர்மாறு: ரயில் முழுக்கப் புத்தம்புதுசு, சாலையில் முப்பது வருடப் பழைய வேன்கள்.

எந்த வண்டி எந்த வாசலுக்கு?

டிவ்கோ பால் வண்டி எல்லாருக்கும் பிடிக்கும். 1937இல் வந்த அந்த மொட்டை மூக்கு வடிவம் பல பத்தாண்டுகள் மாறாமல் வந்தது. அது எனக்கும் உயிர். ஆனால் பால் வண்டிக்குக் கூட்ஸ் ஷெட்டில் வேலை இல்லை. பால் பண்ணைக் கட்டடத்தில் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு வீடுகளுக்குப் போகும். ஆகவே டிவ்கோ வாங்கினால் ஒரு சிறிய பால் பண்ணைக் கட்டடமும் அதற்குத் தனியாக ஒரு கிளைப்பாதையும் யோசியுங்கள். அதேபோல ரயில்வே எக்ஸ்பிரஸ் ஏஜென்சியின் பச்சை வேன். 1929 முதல் 1975 வரை இருந்த அந்த நிறுவனம் பார்சல்களைப் பெரும்பாலும் பயணிகள் ரயிலோடுதான் அனுப்பியது. அதனால் பச்சை வேன் நிற்க வேண்டியது பயணிகள் ஸ்டேஷன் பக்கம் உள்ள எக்ஸ்பிரஸ் அறை வாசலில்.

சரி, கூட்ஸ் ஷெட்டுக்கு யார் வருவார்கள்? மளிகை மொத்த வியாபாரி, இரும்புச் சாமான் கடை, மரச்சாமான் கடை, ரயில் நிறுவனத்தின் சொந்த டெலிவரி லாரி, வாடகைக்கு ஓடும் சரக்கு லாரி. பெட்டி முழுக்க ஒரே ஆளின் சரக்காக இல்லாமல் பல பேரின் மூட்டைகள் கலந்து வந்தால் இறங்கும் இடம் இதுதான். சொந்தமாகக் கிளைப்பாதை இல்லாத வியாபாரிகள் லாரியைத் தண்டவாளத்தின் ஓரமாகவே கொண்டுவந்து பெட்டியிலிருந்து நேரே ஏற்றுவதற்கென்று பொதுப் பாதை ஒன்றும் உண்டு. அதற்குக் கட்டடமே தேவையில்லை. ஒரு துண்டு ஜல்லித் தரை போதும். இடம் குறைந்தவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

எண்ணிக்கை விஷயத்தில் நான் பல வருடம் தவறாக இருந்தேன். நாற்பது பெட்டி, ஐந்து வேன் என்று வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு பெட்டியின் பக்கச்சுவரில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தேன்: கொள்ளளவு 1,00,000 பவுண்டு. அதாவது 45 டன். ஒரு வேன் தாங்குவது ஒன்றிரண்டு டன். ஒரு பெட்டி முழுக்கக் காலியாக வேண்டுமானால் வேன்கள் எத்தனை நடை வர வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கப்புறம் மேடையில் நிற்கும் ஒரு பெட்டிக்கு மூன்று வண்டியாவது நிற்கும்படி வைத்தேன். வெறிச்சென்றிருந்த இடத்துக்கு உடனே உயிர் வந்தது.

பெட்டியை வாங்கும்போது

பழைய பெட்டி வாங்கினால் முதலில் புரட்டிப் பாருங்கள். படிக்கம்பி, ஏணி, பிரேக் சக்கரம் ஆகிய மூன்றும்தான் முதலில் உடையும். சக்கரங்களைச் சுண்டிப் பாருங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். பிளாஸ்டிக் சக்கரம் என்றால் உலோகச் சக்கரம் மாற்றுவதற்கான செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள், பிளாஸ்டிக் சக்கரம் தண்டவாளத்தில் அழுக்கைப் பரப்பும். பெட்டிகளைக் கோக்கும் கொக்கியான கப்ளர் பழைய கொம்பு வடிவத்தில் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். நான் எல்லாப் பெட்டிக்கும் கேடி நிறுவனத்தின் 5ஆம் எண் உலோகக் கப்ளர் போடுகிறேன். ஒரே உயரத்தில் எல்லாமே நிற்க வேண்டும். அதற்கென விற்கும் உயர அளவியை ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் வரும்.

அப்புறம் எடை. என்னிடம் ஒரு டேங்கர் இருந்தது, ஒவ்வொரு வளைவிலும் தடம் புரளும். பாதையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் சமையலறைத் தராசில் வைத்தால் 60 கிராம்கூட இல்லை. 1935இல் தொடங்கிய அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்ரோடு சங்கம் இதற்கு ஒரு கணக்கு தந்திருக்கிறது: ஹெச்ஓ பெட்டிக்கு அடிப்படை 28 கிராம், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் 14 கிராம். 14 சென்டிமீட்டர் பெட்டிக்கு ஏறக்குறைய 106 கிராம் வரும். 'என்' (N) ஸ்கேலுக்கு, அதாவது 9 மி.மீ. பாதைக்கு, அடிப்படை 14 கிராம், அங்குலத்துக்கு 4 கிராமுக்குக் கொஞ்சம் மேல். எடையைத் தரையோடு ஒட்டி, போகிகளுக்கு (அடியில் உள்ள சக்கரத் தொகுதிகளுக்கு) மேலாக வையுங்கள். ஈயக் குண்டுகளை வெள்ளை நிற மரப்பசை போட்டு ஒட்டவே கூடாது. நாளடைவில் ஈயம் அந்தப் பசையோடு சேர்ந்து உப்பி, உடலைப் பிளந்துவிடும். ஸ்டீல் நட்டுகள் போதும்.

ஒரே எண்ணுள்ள இரண்டு பெட்டிகள் ஒரு ரயிலில் வரக் கூடாது. நிஜத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண். நான் செய்வது இது: கடைசி இலக்கத்தின் மேல் மட்டும் டீகல் (ஒட்டும் எழுத்துப் படலம்) பதிக்கும் திரவத்தைத் தொட்டு வைத்து, சில நிமிடம் ஊறவிட்டு, பல்குத்தும் குச்சியின் முனையால் மெதுவாகச் சுரண்டுவேன். கத்தி வேண்டாம், அடிப் பெயின்ட் போய்விடும். எழுத்து போனதும் அதே எழுத்துருவில் வேறொரு இலக்கத்தை டீகலாக ஒட்டி, காய்ந்ததும் மேட் வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு. ஒரு மாலை நேர வேலை. இரண்டு முனைச்சுவர்களிலும் எண் இருக்கும், மறந்துவிடாதீர்கள்.

வேனை வாங்கும்போது

பழைய டைகாஸ்ட் வண்டியில் பார்க்க வேண்டிய பெரிய நோய் துத்தநாகச் சிதைவு. வார்ப்பின்போது உலோகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்தால் பல வருடம் கழித்து உலோகம் உள்ளிருந்தே வெடிக்கத் தொடங்கும். பெயின்டுக்கு அடியில் வலை போல மெல்லிய கோடுகள், அடிப்பாகம் வாழைப்பழம் போல வளைந்திருப்பது, கதவு இடுக்கு உப்பி மூடியிருப்பது: இவைதான் அடையாளம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகளில் நிறையக் காணலாம். மருந்து கிடையாது. பக்கத்து வண்டிக்குத் தொற்றாது என்பது மட்டும் ஆறுதல்.

விளம்பர வேன்களில் யார் அச்சிட்டது என்று கேளுங்கள். தொழிற்சாலையே செய்தது 'கோடு 1', தயாரிப்பாளரின் அனுமதியோடு வெளியாள் மாற்றியது 'கோடு 2', அனுமதியின்றி மாற்றியது 'கோடு 3' என்று சேகரிப்பாளர்கள் பிரிப்பார்கள். மேடைக்கு மூன்றும் எனக்கு ஒன்றுதான். கையால் அழகாக எழுதிய கோடு 3 வேன் ஒன்று என் மேடையின் நடுவில் நிற்கிறது. ஆனால் கோடு 3ஐ கோடு 1இன் விலைக்கு வாங்கிவிடக் கூடாது.

வேனின் பளபளப்பைக் குறையுங்கள், அழுக்கை அளவோடு பூசுங்கள். பெட்டி நாடு சுற்றி வருகிறது, அதற்குத் துருவும் தூசியும் பொருந்தும். வேனின் பக்கத்தில் கடைக்காரர் பெயர் இருக்கிறது. அவர் அதைக் கழுவாமல் விடமாட்டார். டயரிலும் சக்கர வளைவிலும் சாம்பல் நிறச் சாக்பீஸ் பொடி கொஞ்சம், அவ்வளவுதான். முடிந்தால் அடிப்பாகத்தைக் கழற்றி ஓட்டுநரை உட்கார வையுங்கள்.

பத்திரப்படுத்துவது

இதை நான் நஷ்டப்பட்டுக் கற்றேன். இரண்டு லாரிகளைச் சுவரும் கூரையும் இல்லாத தட்டையான சரக்குப் பெட்டியின் மேல் ஏற்றி, அப்படியே அட்டைப்பெட்டியில் வைத்து மூன்று வருடம் விட்டுவிட்டேன். எடுத்தபோது டயர்கள் பலகையோடு ஒட்டியிருந்தன. பிய்த்தால், எட்டு இடத்தில் பிளாஸ்டிக் உருகியது போல் குழி. வினைல் டயரை மிருதுவாக்கச் சேர்த்த இளக்கி என்ற ரசாயனம் மெல்லக் கசிந்து பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடுகிறது. டயருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஒரு துண்டு பாலித்தீன் தாள் இருந்திருந்தால் போதும். பழைய பஞ்சு நுரையும் ஆபத்து, வருடங்கள் ஆக ஆகப் பிசுபிசுத்துப் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். அமிலமற்ற டிஷ்யூ தாளில் சுற்றுங்கள். ரப்பர் பேண்ட் எதிலும் போடாதீர்கள். வெயில் விழும் அலமாரியும் வேண்டாம், சிவப்புதான் முதலில் வெளிறும்.

ஒரு நோட்டில் வண்டியின் எண், நானே அளந்த அளவு, எந்த வருடத்துக்குப் பொருந்தும், என்ன மாற்றினேன் என்று நான்கே குறிப்பு எழுதி வைக்கிறேன். இரண்டாம் முறை அதையே வாங்குவது நின்றுவிட்டது.

மேடையில் நிறுத்தும்போது பெட்டியின் கதவை ஷெட்டின் கதவுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். பெட்டியின் தரை நிஜத்தில் சுமார் 1.1 மீட்டர் உயரம். ஹெச்ஓவில் தண்டவாளத்தின் மேலிருந்து 13 மி.மீ. அளவுக்கு மேடை இருந்தால் இரண்டும் சமமாக வரும். நடுவில் உள்ள இடைவெளிக்கு 15 மி.மீ. அகல அட்டைத் துண்டு ஒன்றை வெட்டி, இரும்பு நிறம் பூசிப் பாலமாகப் போடுங்கள். வேன்களைச் சாலைப் பக்கம் 2 மி.மீ. விட்டு நிறுத்தி, ஒன்றை மட்டும் சற்றே கோணலாக, இப்போதுதான் பின்வாங்கி வந்தது போல் வையுங்கள். முன் சக்கரம் திரும்பும் வகை வண்டியென்றால் அதை லேசாகத் திருப்பிவிடுங்கள்.